பழைய பவர் ஆம்ப்ளிஃபயரை மாற்றலாமா? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் இருபது, முப்பது ஆண்டுகளாகப் பாடிக்கொண்டிருக்கும் பவர் ஆம்ப்ளிஃபயரை மாற்ற வேண்டுமா என்ற கேள்வி, பெரும்பாலும் அது கெட்டுப்போன நாளில் எழுவதில்லை. புது ஸ்பீக்கர் வாங்கிய பிறகோ, கேசட்டும் சிடியும் போய்ச் செல்பேசியிலிருந்து பாட்டுக் கேட்கத் தொடங்கிய பிறகோ, நண்பர் வீட்டில் புதுப் பெட்டி ஒன்றைப் பார்த்த பிறகோதான் எழுகிறது. அந்த நேரத்தில் கையில் இருப்பது ஒரு சந்தேகம் மட்டுமே. குறை இன்னதென்று தெரிந்திருக்காது. ஒரு சாதாரண மல்டிமீட்டரையும் ஒரு மாலைப் பொழுதையும் கொண்டு அந்தச் சந்தேகத்தைத் தெளிவான விடையாக்குவது எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒழுங்காக வடிவமைக்கப்பட்டு, பழுதில்லாமல் இயங்கும் பழைய ஆம்ப், நம்மிடம் உள்ள ஒலிக் கருவிகளில் கடைசியாக மாற்ற வேண்டியது. 1980-களில் வந்த நல்ல ஆம்ப்களின் ஒலித் திரிபு (டிஸ்டார்ஷன்), அவற்றின் வரம்புக்குள் 0.1 சதவீதத்துக்கும் கீழேதான் இருந்தது. அதே காலத்திலும் இன்றைக்கும், ஸ்பீக்கர்கள் தாழ்ந்த சுருதிகளை உரக்க ஒலிக்கும்போது அதைவிடப் பல மடங்கு திரிபை உண்டாக்குகின்றன. அறையின் சுவர்கள் செய்யும் கோளாறு இன்னும் பெரிது. ஆகவே, “புது ஆம்ப் வாங்கினால் பாட்டு உயிர் பெற்றுவிடும்” என்று யாராவது சொன்னால், பணத்தை எடுப்பதற்கு முன் கீழே உள்ள சோதனைகளைச் செய்துவிடுங்கள். ஆனால் பழைய ஆம்பை மாற்றியே ஆக வேண்டிய நிலைமைகளும் உண்டு. அவற்றையும் இதே சோதனைகள்தான் காட்டிக்கொடுக்கும்.

முதல் படி: குறையைப் பெயரிட்டு எழுதுங்கள்

“சவுண்டு சரியில்லை” என்பதை வைத்துக்கொண்டு எதையும் முடிவுசெய்ய முடியாது. ஒரு தாளில், என்ன கேட்கிறது, எப்போது கேட்கிறது, எந்தப் பக்கத்தில் கேட்கிறது என்று மூன்றையும் எழுதுங்கள். ஆம்பைப் போட்டவுடனேயே உறுமல் கேட்கிறதா, அரை மணி நேரம் ஓடிய பிறகு கரகரக்கிறதா, வால்யூமைத் திருப்பும்போது மட்டும் சரசரக்கிறதா, தவில் அடி விழும்போது மட்டும் ஒலி உடைகிறதா என்பவை நான்கு வேறு குறைகள். நான்குக்கும் நான்கு வேறு காரணங்கள். கடைசியாகச் சொன்னது மட்டுமே ஆம்பின் சக்தி போதாமல் இருக்கலாம் என்பதைக் குறிக்கும். மற்றவை பெரும்பாலும் பழுது. பழுது என்றால் சரிசெய்யலாம்.

எந்தக் குறையையும் எழுத முடியவில்லை, ஆனாலும் மாற்றத் தோன்றுகிறது என்றால், அந்த ஆசையை ஆசையென்றே ஒப்புக்கொள்ளுங்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போட்டால் காதுக்குத் தெரியும் மாற்றம் பன்மடங்கு என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: குறை ஆம்பில்தானா?

ஒரு பக்கம் மட்டும் ஒலி குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆம்பை அணைத்துவிட்டு, பின்னால் உள்ளே நுழையும் இடது, வலது ஒயர்களை மட்டும் இடம் மாற்றிச் செருகுங்கள். குறை மறுபக்கத்துக்குப் போய்விட்டால், பாட்டைத் தரும் கருவியிலோ அந்த ஒயரிலோதான் கோளாறு. குறை அதே பக்கத்தில் நின்றால், மீண்டும் அணைத்துவிட்டு ஒயர்களைப் பழையபடி வைத்து, ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றிப் பாருங்கள். இப்போதும் அதே ஸ்பீக்கர்தான் சத்தம் குறைந்து பாடுகிறது என்றால் ஆம்ப் குற்றமற்றது. ஐந்து நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனையைச் செய்யாமலேயே ஆம்பை மெக்கானிக்கிடம் தூக்கிச் செல்பவர்கள் மிகுதி.

உறுமல் கேட்டால், உள்ளே வரும் எல்லா ஒயர்களையும் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். உறுமல் நின்றுவிட்டால் காரணம் வெளியே இருக்கிறது: கேபிள் டிவி அல்லது டிடிஎச் இணைப்பு, மடிக்கணினியின் சார்ஜர், இரண்டு வெவ்வேறு பிளக் பாயிண்டுகளின் வழியாக எர்த் சுற்றிவருவது ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் இணைத்துப் பார்ப்பது முதல் மருந்து. உறுமலைப் போக்குவதற்காக மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிடும் பழக்கம் நம்மூரில் உண்டு. அதை ஒருபோதும் செய்யாதீர்கள். எர்த் இல்லாத உலோகப் பெட்டியில் மின்கசிவு ஏற்பட்டால் தொடுகிறவரின் உயிருக்கு ஆபத்து. ஒயர்களையெல்லாம் பிடுங்கிய பிறகும் உறுமல் நிற்கவில்லை என்றால், ஆம்பின் மின்வழங்கியில் உள்ள பெரிய கண்டென்சர்கள் தளர்ந்திருக்கலாம். அதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

ஒரு பக்கம் சிறிய வால்யூமில் அடைத்துக்கொண்டு, வால்யூமைச் சட்டென்று கூட்டியதும் திறந்துகொள்வது பழைய ஆம்ப்களில் அடிக்கடி காணும் கோளாறு. ஆம்பைப் போட்டுச் சில நொடிகள் கழித்து ‘டக்’ என்ற ஒலியோடு ஸ்பீக்கரை இணைக்கும் ரிலேயின் தொடுமுனைகளில் கருமை படிந்திருப்பதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். அந்த ரிலே மலிவான பொருள். இந்த ஒரு குறைக்காக நல்ல ஆம்ப்களைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டவர்கள் உண்டு என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

மூன்றாம் படி: சக்தி போதுமா என்பதை அளந்து பாருங்கள்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். பொறுமையாகச் செய்ய வேண்டியதும் இதுதான்.

முதலில் ஓர் அடிப்படைக் கணக்கு. ஆம்பின் வாட் எண்ணிக்கை இரண்டு மடங்கானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது ‘சற்றே உரக்க’ என்ற அளவுக்குத்தான் தெரியும். ஒலி இருமடங்கு உரக்கக் கேட்பதாகத் தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே 50 வாட் ஆம்பைக் கொடுத்துவிட்டு 80 வாட் ஆம்ப் வாங்குவது, இரண்டு டெசிபலுக்காகப் பணம் செலவழிப்பதாகும். மாறாக, 86 டெசிபல் உணர்திறன் (ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் எழும் ஒலி அளவு) உள்ள ஸ்பீக்கருக்குப் பதிலாக 92 டெசிபல் உள்ளதை வாங்கினால், அதே ஆம்ப் நான்கு மடங்கு பெரிதாகிவிட்டதுபோல் நடந்துகொள்ளும்.

வாட் எண்ணிக்கையை நம்புவதிலும் கவனம் தேவை. 1990-களில் சிறிய மியூசிக் சிஸ்டங்களின் முகப்பில் ஆயிரக்கணக்கில் எழுதப்பட்டிருந்த பிஎம்பிஓ (உச்ச இசைச் சக்தி) வாட் என்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. அமெரிக்காவில் இத்தகைய மிகைக் கணக்குகளைத் தடுப்பதற்காகவே அந்நாட்டு மத்திய வணிக ஆணையம் 1974-இல் வீட்டு ஆம்ப்களுக்கென்று ஒரு விதியைக் கொண்டுவந்தது. அதனால், அந்தக் காலத்து ஹைஃபை ஆம்ப்களின் கையேட்டில் 8 ஓமுக்கு இத்தனை வாட், இவ்வளவு திரிபுடன், இந்தச் சுருதி வரம்புக்குள் என்று முழுமையாக எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அப்படி எழுதப்பட்ட பழைய 40 வாட், இன்றைய விளம்பரத்தில் 10 சதவீதத் திரிபோடு அளந்து சொல்லப்படும் 100 வாட்டுக்கு நீங்கள் நினைப்பதைவிட நெருக்கமானது.

இனிச் சோதனை. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவி, 120 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றை உண்டாக்குங்கள். அதன் வீச்சை 0.25 என்று அமையுங்கள். டிஜிட்டல் பதிவு ஒன்று தொடக்கூடிய உச்ச வீச்சில் இது நான்கில் ஒரு பங்கு, அதாவது உச்சத்துக்கு 12 டெசிபல் கீழே. 120 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், சாதாரண மல்டிமீட்டர் அந்தச் சுருதியில் ஓரளவு சரியாக அளக்கும் என்பதே. கோப்பை இரண்டு பக்கமும் ஒலிக்கும்படி சேமித்து, நீங்கள் வழக்கமாகப் பாட்டுக் கேட்கும் அதே கருவியில் போட்டுக்கொள்ளுங்கள். பாட்டுக்குப் பாட்டு ஒலி அளவைச் சமன்செய்யும் வசதி அந்தக் கருவியில் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். பேஸ், டிரெபிள் குமிழ்கள் நடுவில் நிற்கட்டும்.

அடுத்து, வீட்டில் யாரும் குறை சொல்லாத ஒரு நேரத்தில், நீங்கள் மிக உரக்கக் கேட்க விரும்பும் பாட்டைப் போட்டு, ‘இதற்கு மேல் எனக்குத் தேவையில்லை’ என்ற அளவுக்கு வால்யூமை வையுங்கள். ஒலி மட்டம் குறைவாகப் பதிவான பழைய கச்சேரி ஒன்றை இதற்குப் பயன்படுத்துவது நல்லது. அத்தகைய பதிவுக்குத்தான் வால்யூமை அதிகம் கூட்டுவீர்கள். அதன்பின் குமிழைத் தொடாதீர்கள். பாட்டை நிறுத்தி, ஆம்பை அணைத்து, ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றி, அவை ஒன்றோடொன்று உரசாமல் ஒதுக்கி வையுங்கள். டிரான்சிஸ்டர் ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டுவதில் ஆபத்தில்லை. வால்வு ஆம்பை மட்டும் அப்படி ஓட்டவே கூடாது, அதன் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுவிடும். மீண்டும் ஆம்பைப் போட்டு, சைன் அலையை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு பக்கத்தின் சிவப்பு, கறுப்பு முனைகளுக்கு இடையே அளந்து பாருங்கள்.

மீட்டர் 3.5 வோல்ட் காட்டுகிறது என்று கொள்வோம். நான்கால் பெருக்கினால் 14 வோல்ட். பதிவின் உச்சகட்ட அடி விழும்போது உங்கள் ஆம்ப் தர வேண்டிய மின்னழுத்தம் அதுதான். அந்தக் குமிழ் நிலையில் எந்தப் பாட்டும் அதைவிட அதிகம் கேட்காது. 14-ஐ 14-ஆல் பெருக்கி 8 ஓமால் வகுத்தால் 24.5 வாட். உங்கள் ஆம்ப் 8 ஓமுக்கு 40 வாட் தரக்கூடியது என்றால், அதன் வரம்பு ஏறக்குறைய 18 வோல்ட். நீங்கள் அதைத் தொடவே இல்லை. 200 வாட் ஆம்ப் வாங்கினாலும் உங்களுக்குக் கிடைக்கப்போவது அதே 24.5 வாட்தான். மாறாக மீட்டர் 6 வோல்ட் காட்டினால், தேவை 24 வோல்ட், 72 வாட். 40 வாட் ஆம்பில் ஒலியின் உச்சி வெட்டுப்படுகிறது, தவில் அடியில் நீங்கள் கேட்ட உடைசல் உண்மையானது. அப்போது பெரிய ஆம்புக்கோ, உணர்திறன் கூடிய ஸ்பீக்கருக்கோ நியாயம் உண்டு.

இதைச் செய்து பார்ப்பவர்களில் பலர், நடுத்தர அறையில் தங்களுக்குத் தேவைப்படும் உச்சம் இருபது, முப்பது வாட்டுக்குள் அடங்கிவிடுவதைக் கண்டு வியப்பார்கள். கணக்கும் அதையே சொல்கிறது: 87 டெசிபல் ஸ்பீக்கர்கள் இரண்டும் சேர்ந்து, மூன்று மீட்டர் தூரத்தில், அறையின் துணையோடு, ஒரு வாட்டுக்கே ஏறக்குறைய 83 டெசிபல் தருகின்றன. அது பேச்சை அடக்கிவிடும் சத்தம்.

இரண்டு எச்சரிக்கைகள். பேஸ் குமிழை முழுவதுமாகத் திருப்பிவைப்பவர்கள் அந்தச் சுருதிகளில் 10 டெசிபல் வரை கூட்டுகிறார்கள். அதாவது ஆம்பிடம் பத்து மடங்கு வாட் கேட்கிறார்கள். இருபது வாட் போதுமான வீட்டில் திடீரென்று இருநூறு வாட் தேவைப்படுவது இப்படித்தான். அவர்களுக்கு ஏற்றது, தனக்கென்று ஆம்ப் வைத்துள்ள ஒரு சப்வூஃபர். பழைய ஆம்பை மாற்றுவதில் பயனில்லை. இரண்டாவது, ஸ்பீக்கரின் பின்னால் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும், சில சுருதிகளில் அது 4 ஓமுக்கும் இறங்கும். பழைய ஆம்பின் கையேட்டில் 8 ஓமுக்குக் குறையக் கூடாது என்று எழுதியிருந்து, நீங்கள் வாங்கிய புது ஸ்பீக்கர் 4 ஓம் வகை என்றால், ஆம்ப் சூடேறி அடிக்கடி அணைந்துவிடக்கூடும். வோல்ட் போதும், ஆனால் கரண்ட் போதாது என்ற இந்த நிலைமையும் ஆம்பை மாற்றுவதற்கு நல்ல காரணம்.

மின்வாரிய வோல்டேஜ் குறைவதால்தான் ஒலி மங்குகிறது என்று நினைத்து ஸ்டெபிலைசர் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் சாதாரண ஆம்பின் உச்ச சக்தி 19 சதவீதம் குறையும், டெசிபலில் அது ஒன்றுக்கும் கீழே.

நான்காம் படி: உள்ளீடு பொருந்துகிறதா?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இங்கிலாந்தின் குவாட் நிறுவனம் 1975-இல் கொண்டுவந்த 405 என்ற பவர் ஆம்ப், பக்கத்துக்கு 100 வாட் தரும். அந்த 100 வாட்டை எட்ட அதற்கு உள்ளீட்டில் அரை வோல்ட் போதும். இன்றைய சிடி பிளேயர்களும், டிஜிட்டல் கோப்பை ஒலிச் சிக்னலாக மாற்றும் டாக் கருவிகளும் தருவதோ 2 வோல்ட். இவற்றை நேரடியாக இணைத்தால் வால்யூம் சற்றே திரும்பியதும் வீடு அதிரும், பின்னணி இரைச்சலும் கூடித் தெரியும். ஆம்ப் முரட்டுத்தனமாகப் பாடுகிறது என்று அதைக் குறைசொல்வார்கள். நான்கில் ஒரு பங்காகக் குறைக்கும் இரண்டு ரெசிஸ்டர்களை, அதாவது ஒரு அட்டென்யுவேட்டரை, இடையில் வைத்தால் முடிந்துபோகும் விஷயம் இது. வால்யூம் குமிழ் பாதி நிலையில் இருப்பதற்கும் ஆம்ப் பாதி சக்தியில் ஓடுவதற்கும் தொடர்பில்லை என்பதையும் இங்கேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

1978-இல் வந்து உலகெங்கும் பேர்வாங்கிய என்ஏடி 3020 போன்ற ஒருங்கிணைந்த ஆம்ப்களில் (பிரீ ஆம்பும் பவர் ஆம்பும் ஒரே பெட்டியில் உள்ளவை) பின்புறம் பிரீ அவுட், மெயின் இன் என்ற துளைகளை இணைக்கும் சிறிய உலோகக் கம்பிகள் இருக்கும். அவை காணாமல் போயிருந்தால் சத்தமே வராது. அவற்றில் களிம்பு ஏறியிருந்தால் ஒரு பக்கம் விட்டுவிட்டுப் பாடும். ஆம்பை அணைத்துவிட்டு, அந்தக் கம்பிகளைக் கழற்றித் துடைத்துப் போடுவது, ‘கெட்டுப்போன’ ஆம்ப்கள் சிலவற்றுக்கு முழு வைத்தியம்.

ஐந்தாம் படி: வயது என்ன செய்திருக்கிறது?

டிரான்சிஸ்டர்களும் டிரான்ஸ்ஃபார்மர்களும் அவற்றின் வரம்புக்குள் ஓடினால் மனித வயதுக்கு ஈடாக உழைக்கும். தளர்வது எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள். அவற்றின் உள்ளே உள்ள திரவம் மெல்ல வற்றுகிறது. வெப்பம் 10 டிகிரி குறையும்தோறும் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது இத்துறையின் வழக்கமான கணக்கு. 85 டிகிரியில் 2000 மணி நேரம் என்று குறிக்கப்பட்ட கண்டென்சர், ஆம்பின் உட்புறம் 55 டிகிரி இருந்தால் 16,000 மணி நேரம் உழைக்கும். நாளுக்கு மூன்று மணி நேரம் கேட்பவருக்கு அது பதினான்கு ஆண்டுகளுக்கு மேல். அதே ஆம்பைக் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் அடைத்து, மேலே டெலிபோன் டைரக்டரியும் பூச்சாடியும் வைத்து, உட்புறத்தை 65 டிகிரிக்கு ஏற்றினால், பாதி ஆயுள் போய்விடும். பழைய ஆம்பின் வயதை ஆண்டில் கேட்பதைவிட, அது எங்கே நின்றது என்று கேட்பதுதான் பயனுள்ள கேள்வி.

மூடியைத் திறக்காமலேயே செய்யக்கூடிய முக்கியமான அளவீடு ஒன்று உண்டு. உள்ளீட்டு ஒயர்களையும் ஸ்பீக்கர்களையும் கழற்றிவிட்டு, ஆம்பைப் போட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் சூடாக விடுங்கள். மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, ஒவ்வொரு பக்கத்தின் ஸ்பீக்கர் முனைகளுக்கு இடையே அளங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். நூறைத் தாண்டினால் பார்க்க வேண்டிய வேலை இருக்கிறது. வோல்ட் கணக்கில் காட்டினால் அந்த ஆம்போடு ஸ்பீக்கரை இணைக்கவே கூடாது. ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் எரிந்துவிடும். பழைய ஆம்ப் வாங்கப் போகிறவர்கள் மல்டிமீட்டரைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டியது இந்த ஓர் அளவுக்காகவே.

மூடியைத் திறப்பது அனுபவம் உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சர்களில் நாற்பது, ஐம்பது வோல்ட் தங்கியிருக்கும். தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எதையும் தொடாமல், கண்ணால் மட்டும் பாருங்கள். தலை உப்பிய கண்டென்சர்கள், அவற்றின் அடியில் பழுப்புப் பசைபோல் கசிவு, ரெசிஸ்டர்களைச் சுற்றிப் போர்டு கருகியிருப்பது, டிரான்சிஸ்டர் கால்களைச் சுற்றி வளையம் விழுந்த டிரை சால்டர் (விட்டுப்போன பற்றவைப்பு) ஆகியவற்றைக் கவனியுங்கள். நம்மூர் ஆம்ப்களில் இவற்றோடு தூசியும், எறும்புக் கூடும், ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) இடுக்கில் பல்லி முட்டையும் இருக்கும். பல்லி உயர் மின்னழுத்தப் பகுதியில் குறுக்கே விழுந்து ஆம்பைச் சாகடிப்பதும் உண்டு. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இருந்த ஆம்ப்களில் துருவும் பச்சைக் களிம்பும் எவ்வளவு தூரம் பரவியிருக்கின்றன என்பதையும் பாருங்கள். திருகாணிகள் மட்டும் துருப்பிடித்திருந்தால் கவலையில்லை. போர்டின் செம்புக் கோடுகளுக்குள் களிம்பு ஏறியிருந்தால் அந்த ஆம்பில் பணம் போடாதீர்கள்.

ஆண்டுக்கணக்கில் ஓடாமல் பரணில் கிடந்த ஆம்பை நேராகப் பிளக்கில் செருகாதீர்கள். மெக்கானிக்குகள் வைத்திருக்கும் சீரியஸ் லாம்ப் போர்டின் வழியாக, 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை இடையில் வைத்துத்தான் முதலில் போட வேண்டும். பல்பு ஒரு நொடி பளிச்சிட்டு மங்கினால் நல்லது. பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். எல்இடி பல்பு இந்த வேலைக்கு உதவாது. ஜப்பானிலிருந்து பழைய சரக்காக வந்த ஆம்ப் என்றால் பின்புறம் 100 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதை நம் 230 வோல்ட்டில் செருகினால் அந்தக் கணமே அதன் கதை முடிந்துவிடும்.

ஆறாம் படி: பழுதுபார்ப்பதா, விடுவதா?

கண்டென்சர்கள், ரிலே, வால்யூம் கண்ட்ரோல், பயாஸ் பிரீசெட் (வெளியீட்டு டிரான்சிஸ்டர்களில் ஓயாது ஓடும் சிறு கரண்ட்டை அமைக்கும் திருகு), உடைந்த முனைகள் ஆகியவை மட்டும்தான் குறை என்றால், தயக்கமின்றிப் பழுதுபாருங்கள். பாகங்கள் எளிதில் கிடைக்கும், வேலையும் கைப்பழக்கம் உள்ளவருக்குக் கடினமில்லை. வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் போயிருந்தால் நிலைமை வேறு. ஒன்று போகும்போது பெரும்பாலும் தன் ஜோடியையும், அவற்றை இயக்கும் சிறிய டிரான்சிஸ்டர்களையும் இழுத்துக்கொண்டு போகிறது. எல்லாவற்றையும் சேர்த்து மாற்றி, பயாஸைத் திரும்ப அமைக்காவிட்டால் மாற்றிய டிரான்சிஸ்டரும் ஓரிரு நாளில் வெடிக்கும். அதோடு, 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 போன்ற புகழ்பெற்ற ஜோடிகளில் டூப்ளிகேட் சரக்கு சந்தையில் நிரம்பிக் கிடக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் ஒரே எண்ணுக்கு மூன்று விலை சொல்வார்கள். மிகக் குறைந்த விலையில் கிடைப்பதன் உள்ளே, அசலில் இருக்க வேண்டிய அளவுக்குப் பெரிய சிலிக்கான் துண்டு இருக்காது. அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதே மலிவு.

சான்யோ நிறுவனத்தின் எஸ்டிகே வகைக் கட்டிகள் (ஆம்பின் வெளியீட்டுச் சுற்றை ஒரே பாகத்தில் அடக்கியவை) போட்ட ஆம்ப்கள் தமிழ்நாட்டு வீடுகளில் ஏராளம். அந்தக் கட்டி போய்விட்டால், அசல் சரக்கு அரிது என்பதால், அதே எண்ணைத் தேடி அலைய வேண்டாம் என்பதே என் ஆலோசனை. டிரான்ஸ்ஃபார்மரும் பெட்டியும் நல்ல நிலையில் இருந்தால், அதன் வோல்டேஜுக்குப் பொருந்தும் எல்எம்3886 அல்லது டிடிஏ7294 போர்டு ஒன்றை உள்ளே வைத்துத் தருமாறு மெக்கானிக்கிடம் கேட்கலாம். டிரான்ஸ்ஃபார்மரே எரிந்து நாற்றம் அடிக்கிறது, அல்லது பழுதுச் செலவு அதே தரத்து நல்ல பழைய ஆம்ப் ஒன்றின் விலையில் பாதியைத் தாண்டுகிறது என்றால், மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு விட்டுவிடுவதே சரி.

ஏழாம் படி: மாற்றுவதென்று முடிவான பிறகு

சக்தி போதவில்லை என்று அளந்து தெரிந்துகொண்டவர்கள், இப்போதைய ஆம்பைப்போல் குறைந்தது மூன்று, நான்கு மடங்கு வாட் தரக்கூடியதைப் பாருங்கள். அதற்குக் குறைந்தால் 5 டெசிபல்கூடக் கிடைக்காது. இன்று கடைகளில் பெரும்பாலும் கிடைப்பவை கிளாஸ் டி வகை, அதாவது டிரான்சிஸ்டர்களை ஸ்விட்ச் போல மிக வேகமாகப் போட்டு அணைத்து இயங்குபவை. பழைய கிளாஸ் ஏபி ஆம்பின் செயல்திறன் கோட்பாட்டளவிலேயே 78.5 சதவீதத்தைத் தாண்டாது, உண்மையில் அதைவிடக் குறைவு. கிளாஸ் டி 90 சதவீதத்தை ஒட்டி வேலை செய்வதால் ஹீட் சிங்க் சிறிது, சூடு குறைவு, கோடையில் அறையும் வேகாது.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிபிஏ3255 சில்லைக் கொண்ட சிறிய பெட்டிகளில் 300 வாட் என்று எழுதியிருப்பார்கள். அது 4 ஓமுக்கு, 10 சதவீதத் திரிபில் அளந்தது. பெட்டியோடு தரும் அடாப்டர் 48 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் அது மொத்தமாகத் தருவதே 240 வாட். இரண்டு பக்கமும் 300 வாட் தொடர்ந்து வருவதற்கு வழியே இல்லை. அதற்காக அவை மோசமானவை என்று பொருளில்லை; எண்ணைக் குறைத்துப் படிக்க வேண்டும், அவ்வளவே. மலிவான கிளாஸ் டி போர்டுகள் சிலவற்றில், உயர்ந்த சுருதிகளின் அளவு ஸ்பீக்கரின் ஓமுக்கு ஏற்ப மாறும். ஹைபெக்ஸ் என்கோர், பியூரிஃபை போன்றவை வெளியீட்டு வடிகட்டியையும் தங்கள் திருத்தச் சுற்றுக்குள் கொண்டுவந்து அந்தக் குறையைத் தீர்த்துவிட்டன. விலையும் அதற்கேற்ப இருக்கும்.

புது ஆம்ப் வந்ததும் பழையதை உடனே விற்றுவிடாதீர்கள். இரண்டையும் ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமன்செய்வது மிக முக்கியம். சிறிதே உரக்கப் பாடுவதைத்தான் காது ‘தெளிவு’ என்று எடுத்துக்கொள்ளும். மூன்றாம் படியில் செய்த 120 ஹெர்ட்ஸ் கோப்பையே மீண்டும் எடுத்து, இம்முறை ஸ்பீக்கரை இணைத்த நிலையிலேயே, சிறிய வால்யூமில், பழைய ஆம்பின் முனைகளில் எத்தனை வோல்ட் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே ஸ்பீக்கரைப் புது ஆம்பில் இணைத்து, அதே கோப்பு ஓடும்போது அதே வோல்ட் வரும்வரை வால்யூமைச் சரிசெய்யுங்கள். வேறுபாடு ஒரு சதவீதத்துக்குள், அதாவது 1 வோல்ட்டில் 10 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கட்டும். வீட்டில் ஒருவரை ஒயர்களை மாற்றச் சொல்லி, எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாதபடி, நன்கு பழகிய இரண்டு மூன்று பாட்டுகளைப் பலமுறை கேளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒயரைத் தொடுவதற்கு முன் ஆம்பை அணைக்க வேண்டும். உங்கள் விடைகளை அவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வரட்டும். கடையில் பொருளைத் திருப்பித் தருவதற்குள்ள நாள் முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.